இறுக்கிய நட்டும் சிக்கிய ஸ்லைடும்: ஒரு அமால் 930 கார்பரேட்டரின் பழுது ஆய்வு

வண்டி 1970-ஆம் ஆண்டு ட்ரையம்ப் டிஆர்6 மோட்டார் சைக்கிள். 649 சிசி, இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் அந்தக் கார்பரேட்டர் அமால் கான்சென்ட்ரிக் 930. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் காற்றுவழியின் அளவு, 30 மி.மீ. வண்டியோடு சேர்ந்து வந்த புகார் ஒரே வரிதான்: "ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது."

ஓட்டிப் பார்த்தபோது புகார் ஒன்றல்ல, நான்கு என்று தெரிந்தது. வேகத்தில் போய் த்ராட்டிலை மூடினால் இன்ஜின் சில நொடி 2000 சுற்றிலேயே நிற்கும், பிறகு தானாகச் சட்டென்று விழும். ஐடிலிங் ஒரே சீராக நிற்காது. ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் இன்ஜின் காது கொடுக்காது. கால் பங்கு த்ராட்டிலில் கரும்புகை, பிளக் முழுக்கக் கரி. நிறுத்தி வைத்தால் கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் சொட்டு. இவ்வளவுக்கும் ஆக்ஸிலேட்டர் திருக அசாதாரணக் கனமாக இருந்தது.

அந்தக் கனம்தான் முதல் தடயம். மேல்மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கீழே தள்ளும் ஸ்பிரிங்குக்குள் இன்னொரு சின்ன ஸ்பிரிங்கைச் செருகியிருந்தார்கள். ஸ்லைடு சிக்குகிறது என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. ஏன் சிக்குகிறது என்று பார்க்காமல், சிக்கினாலும் இறங்கும்படி அழுத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஸ்லைடோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலின் கிளிப் மேல் பள்ளத்தில் இருந்தது. கிளிப் மேலே இருந்தால் நீடில் தாழ்ந்திருக்கும், பெட்ரோல் குறையும். அப்படி வைத்தும் கரும்புகை வருகிறது என்றால் வேறெங்கோ துளை பெரிதாகியிருக்க வேண்டும். ஆக, இந்தக் கார்பரேட்டரில் ஒரு பழுதின் மேல் இன்னொரு ஒட்டு என்று அடுக்கடுக்காக இருந்தது.

அரைத் திருப்பு

கழற்றுவதற்கு முன் செய்யும் சோதனைகளை நான் விடுவதில்லை. கழற்றிய பிறகு சில உண்மைகள் காணாமல் போய்விடும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்பரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் ஸ்ப்ரே புட்டியால் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினேன். சத்தம் மாறியது. ஏர் லீக் உறுதி.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரை எடுத்து, இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு வெறும் ஸ்லைடை மட்டும் பாடிக்குள் விட்டேன். தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அடியைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போதே நின்றுவிட்டது. கார்பரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் ஆளுக்கு அரைத் திருப்பு தளர்த்தினேன். "டக்". ஸ்லைடு தானாக விழுந்து அடியைத் தொட்டது. மறுபடி இறுக்கினேன், சிக்கியது. தளர்த்தினேன், விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே கதை.

இந்த வழக்கின் தீர்ப்பு அந்த "டக்" சத்தத்திலேயே வந்துவிட்டது. மீதியெல்லாம் அளவெடுப்பும் வேலையும்தான்.

நட்டு இறுக்கினால் ஸ்லைடு ஏன் சிக்க வேண்டும்? கான்சென்ட்ரிக்கின் ஃபிளாஞ்ச் முகத்தில், அதாவது ஹெட்டோடு சேரும் தட்டையான முகத்தில், ஒரு வட்டப் பள்ளம், அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். ஓ-ரிங் முகத்தைவிடச் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் காற்றை அடைக்கிறது. போல்ட் போகும் இரண்டு காதுகளும் அந்த வளையத்துக்கு வெளியே, இரு ஓரத்திலும் இருக்கின்றன. ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தால் பலருக்குக் கை சும்மா இருக்காது. இடைவெளி மறையும் வரை இறுக்குவார்கள். நடுவில் ஓ-ரிங் தாங்க, காதுகள் ஹெட்டை நோக்கி வளையும். ஃபிளாஞ்ச் வில்லாகும். ஃபிளாஞ்சும் ஸ்லைடு ஓடும் குழியும் ஒரே வார்ப்பு என்பதால் வளைவு அங்கேயே நிற்காது, குழியையும் இழுத்து நீள்வட்டமாக்கும். வில்லாகிவிட்ட ஃபிளாஞ்சில் காற்று கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், இன்னும் வளையும்.

உலோகமும் இதற்கு இடம் கொடுக்கிறது. பாடி துத்தநாகக் கலவை வார்ப்பு: துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், துளி மெக்னீசியம். நுணுக்கமான வார்ப்புக்கு அருமையான உலோகம். ஆனால் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் காலப்போக்கில் மெல்ல வளைந்துகொண்டே போகும் குணம் அதற்கு உண்டு; இன்ஜின் சூடு அந்த வளைவை இன்னும் விரைவாக்கும். ஐம்பது ஆண்டு அழுத்தம் என்பது சின்ன விஷயமில்லை.

மேஜை மேல் அளவுகள்

ஃபிளாஞ்ச் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டேன். நடுவில் 0.30 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. தட்டையான ஸ்டீல் பிளேட்டில் இரண்டு ஸ்டட் வைத்து, வண்டியில் இருந்த அதே இறுக்கத்தில் பாடியை மாட்டி, ஸ்லைடு குழியை அளந்தேன். தளர்வாக இருக்கும்போது இடவலமாக ஸ்லைடுக்கு 0.09 மி.மீ. இடைவெளி. இறுக்கியதும் அதில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது.

முன்பின்னாக அளந்தபோது நிலைமை நேரெதிர். அங்கே 0.26 மி.மீ. இடைவெளி. அதாவது ஒரே ஸ்லைடு ஒரு திசையில் டைட், இன்னொரு திசையில் லூஸ். இது முதலில் குழப்பத்தான் செய்யும். இன்ஜின் ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும் ஸ்லைடு இன்ஜின் பக்கம் இழுக்கப்பட்டு அந்தச் சுவரில் மோதித் தேய்கிறது. என் பாடியில் இன்ஜின் பக்கச் சுவரின் கீழ்ப்பகுதி கண்ணாடி மாதிரி மின்னியது. மேலே இன்னும் பழைய மங்கல் சாம்பல் நிறம். ஸ்லைடும் பாடியும் ஒரே வகைக் கலவை என்பதால் ஒன்றை ஒன்று பிறாண்டிக்கொள்ளும் போக்கு அதிகம். பக்கவாட்டில் நெருக்கப்பட்ட ஸ்லைடை இரட்டை ஸ்பிரிங் வேறு அமுக்கியதால் தேய்மானம் இன்னும் வேகமெடுத்திருக்கிறது.

முன்பின் லூஸ்தான் ஏர் ஸ்க்ரூ வேலை செய்யாததற்கும் காரணம். ஸ்லைடு மூடியிருக்கும்போது அதைச் சுற்றியே காற்று நுழைந்தால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் வழி கலக்கும் நுண்ணிய அளவுக்கு மதிப்பே இல்லை.

அடுத்தது நீடில் இறங்கி ஏறும் துளையான நீடில் ஜெட். 106 என்று பொறித்திருந்தது, துளை 0.106 அங்குலம், அதாவது 2.69 மி.மீ. அளவுப் பின் விட்டுப் பார்த்தேன்: 0.107 பின்னும் உள்ளே போனது. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இதுக்கா இவ்வளவு புகை என்று தோன்றலாம். ஆனால் பெட்ரோல் வருவது முழுத் துளை வழியாக இல்லை. துளைக்கும் நீடிலுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளையத்தின் வழியாகத்தான். என் நீடிலின் மேல்பகுதி 2.50 மி.மீ. கணக்குப் போட்டால் புது ஜெட்டில் அந்த வளையத்தின் பரப்பு 0.78 சதுர மி.மீ., தேய்ந்த ஜெட்டில் 0.89. சுமார் 14 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வழி. கண்ணால் பார்த்தால் இரண்டு ஜெட்டும் ஒன்று போலவே இருக்கும். கண்ணை நம்பி நீடில் ஜெட்டை "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவே கூடாது.

முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் ஒன்றுமில்லை. அமால் மெயின் ஜெட்டின் எண் ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாயும் என்பதைச் சொல்கிறது. யாரும் கம்பி விட்டுக் குடையாத ஜெட் என்றால் அந்த எண்ணை நம்பலாம். இது குடையப்படாதது.

பாடியை நிமிர்த்தியது

புதுப் பாடி வாங்கிப் போட்டிருக்கலாம். இந்த மாதிரி கார்பரேட்டர் இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பாடி வண்டியோடு பிறந்தது, எண்ணும் அதனுடையது. விரிசல் எங்கும் இல்லை. காப்பாற்ற முடிகிற ஒன்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஃபிளாஞ்ச் வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தட்டையாக்குவதுதான் வழக்கம். முகம் தட்டையாகும், சரி. ஆனால் குழியின் நெளிவு அப்படியே இருக்கும், காதுகளும் மெலிந்துவிடும். அதனால் முதலில் நிமிர்த்துவது, பிறகு தேய்ப்பது என்ற வரிசையை எடுத்துக்கொண்டேன்.

துத்தநாகம் அறை வெப்பத்தில் முறுக்கினால் உடைகிற உலோகம். 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் வளைந்து கொடுக்கும். இந்தக் கலவை உருகுவது 380 டிகிரிக்குச் சற்று மேலே. அதனால் நெருப்பு ஜ்வாலையைக் கிட்டவே கொண்டு போகவில்லை. ஓர் இடம் மட்டும் சூடேறினால் காது அப்படியே கையோடு வந்துவிடும். தெர்மாமீட்டர் வைத்த மின் அடுப்பில் 130 டிகிரியில் அரை மணி நேரம், முழுப் பாடியும் ஒரே சூட்டுக்கு வரும் வரை வைத்தேன். குழிக்குள் அளவாகக் கடைந்த அலுமினிய உருளை ஒன்றை முன்பே இறக்கியிருந்தேன். அலுமினியத்தைவிடத் துத்தநாகம் சூட்டில் அதிகம் விரியும் என்பதால், ஆறும்போது குழி அந்த உருளையை மெல்லக் கவ்வி வட்டத்துக்கு வரும். காதுகளைப் பின்பக்கமாக அழுத்தக் கனமான பிளேட்டும் இரண்டு போல்ட்டும். ஒரு பக்கம் கால் திருப்பு, மறுபக்கம் கால் திருப்பு. அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் எல்லாம் போகும். நேர்கோட்டைத் தாண்டி ஒரு இழை அதிகமாக அழுத்தி, அப்படியே ஆறவிட்டேன்.

மறுநாள் காலை அளந்தபோது ஃபிளாஞ்சின் வளைவு 0.30-இலிருந்து 0.06 ஆகியிருந்தது. குழியின் நெளிவும் பெருமளவு திரும்பிவிட்டது. மீதி 0.06-ஐக் கண்ணாடித் தகட்டில், 240 உப்புத்தாளிலும் பிறகு 400-லும் தண்ணீர் விட்டு, எட்டு போடுகிற மாதிரி இழுத்துத் தேய்த்தேன். முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் எங்கே உலோகம் உரசுகிறது என்பது தெளிவாகத் தெரியும். காதோரக் கோடுகள் முதலில் அழிந்தன, நடுக்கோடு கடைசியில். நடுக்கோடு அழியத் தொடங்கிய நொடியே நிறுத்தினேன். அதற்கு மேல் தேய்த்தால் ஓ-ரிங் பள்ளத்தின் ஆழம் குறைந்து ஓ-ரிங் அதிகமாகத் துருத்தும். பழைய பிரச்சினை திரும்ப ஆரம்பிக்கும்.

ஸ்லைடுக்குப் பித்தளைச் சட்டை

தேய்ந்த குழியை முதலில் வட்டமாக்க வேண்டும். குழியின் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோன் கல் இங்கே ஒத்துவராது. குழியின் அடிப்பகுதியைக் காற்றுவழி குறுக்கே வெட்டுவதால் கல் அந்த விளிம்பில் தடுமாறி வாயை அகலமாக்கிவிடும். அனுபவமுள்ள கடைசல்காரர் ஒருவர், பாடியைப் பிடிக்கத் தனி ஃபிக்ஸ்சர் செய்து, விட்டத்தில் 0.20 மி.மீ. கூட்டி போரிங் செய்து கொடுத்தார்.

பழைய ஸ்லைடைக் கடைந்து சிறிதாக்கி, மேலே பித்தளைக் குழாயைச் சட்டை மாதிரி ஏற்றி, புதுக் குழிக்கு 0.09 மி.மீ. இடைவெளி வருமாறு முடித்தோம். சட்டை ஏற்றுவது எளிது. அதில் வெட்ட வேண்டியவைதான் நேரம் தின்றன. பாடிக்குள் ஸ்லைடு சுழலாமல் பிடிக்கும் நீளப் பள்ளம் ஒன்று, ஐடில் ஸ்க்ரூவின் நுனி வந்து உட்காரும் சரிவுப் பள்ளம் ஒன்று, அப்புறம் காற்று நுழையும் பக்கத்தில் அடியில் சாய்வாக எடுக்கும் வெட்டு. இந்த வெட்டின் எண் 3 என்றால் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு உயரம், 4.76 மி.மீ. த்ராட்டில் திறக்கத் தொடங்கும் இடத்தில் கலவையை முடிவு செய்வது இந்த வெட்டுதான். அதனால் பழைய ஸ்லைடைக் கடைவதற்கு முன்பே வெட்டின் உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடைந்த பிறகு கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

பித்தளை ஏன் என்றால், வேறு வேறு உலோகங்கள் உரசும்போது பிறாண்டல் குறைவு. தவிர, சூட்டில் துத்தநாகப் பாடி பித்தளையைவிட அதிகம் விரியும். சூடேற ஏற இடைவெளி கூடுமே தவிர இறுகாது. பிசிறெல்லாம் எடுத்துத் துடைத்து, எண்ணெய் தொடாமல் உலர்ந்த குழியில் விட்டபோது ஸ்லைடு ஒரு மூச்சு விட்டு இறங்கி அடியில் தட்டியது.

கிண்ணம், பைலட், மரை

கான்சென்ட்ரிக்கின் கிண்ணத்தைத் தனியாகவே சோதிக்கலாம், இது பெரிய வசதி. பெட்ரோல் கிண்ணத்துக்குள்ளேயே கீழிருந்து நுழைகிறது; மிதவை, ஊசி, ஊசி உட்காரும் பித்தளை இருக்கை எல்லாமே அதில்தான். ஒரு சின்ன டப்பாவிலிருந்து குழாய் வைத்துப் பெட்ரோல் விட்டேன். விளிம்புக்குக் கீழே சுமார் 5 மி.மீ.-இல் நிற்க வேண்டிய மட்டம் 2 மி.மீ. வரை ஏறியது. ஊசியின் நுனியில் வளையமாக ஒரு தடம். பழைய பிளாஸ்டிக் மிதவை எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி நெளிந்திருந்தது.

மிதவையையும் ஊசியையும் புதிதாக மாற்றினேன். ஊசி விட்டான் நுனி கொண்டது. இருக்கையை நகர்த்த, கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தேன். இங்கேயும் துத்தநாகம் அதிகம் விரிந்து பித்தளையின் பிடி தளரும். பெட்ரோல் வரும் துளை வழியாக அடியிலிருந்து மெல்லத் தட்டி இருக்கையை ஒரு துளி மேலே ஏற்றினேன். இருக்கை உயர்ந்தால் மிதவை சீக்கிரமே வழியை மூடும், மட்டம் இறங்கும். மூன்று முறை சூடாக்கித் தட்டிய பிறகு மட்டம் 5 மி.மீ.-இல் நின்றது, ஒரு மணி நேரம் கழித்தும் அதே இடத்தில்.

கிண்ணத்தின் உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தண்ணீர் சேர்ந்த பெட்ரோல் துத்தநாகத்தைத் தின்ற மிச்சம். இதற்கு வினிகரோ எலுமிச்சையோ காஸ்டிக்கோ வேண்டாம். துத்தநாகத்தை அமிலமும் கரைக்கும், காரமும் கரைக்கும். முன்பு ஒரு நல்ல கிண்ணத்தை வினிகரில் இரவு முழுக்க ஊற வைத்து இழந்திருக்கிறேன். காலையில் எடுத்தபோது மரையெல்லாம் அரிக்கப்பட்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, நைலான் பிரஷ், உடனே காற்றடித்து உலர்த்தல். அது போதும்.

பைலட் ஜெட் இந்தப் பாடியில் உள்ளே அழுத்திச் செருகிய புஷ், கழற்ற முடியாது. ஏர் ஸ்க்ரூ துளை வழியாகத்தான் அதை எட்ட வேண்டும். 0.016 அங்குல டிரில்லை நீளமான பிடியில் வைத்து, விரலால் மட்டும் திருப்பி, அடைப்பை எடுத்தேன். அழுத்தவே கூடாது; உள்ளே முறிந்தால் அந்தப் பாடியின் கதை முடிந்தது. பிறகு அதே துளையில் கார்பரேட்டர் கிளீனர் அடித்தபோது காற்றுவழியின் தரையில் உள்ள இரண்டு சின்னத் துளையிலிருந்தும் இரண்டு மெல்லிய பீய்ச்சல் எழுந்தது. முதல் நாள் ஒன்றிலிருந்துதான், அதுவும் சொட்டுச் சொட்டாக வந்தது. இதைச் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பீய்ச்சல் நேராக முகத்துக்குத்தான் வரும்.

கிண்ணத்தைப் பிடிக்கும் இரண்டு திருகில் ஒன்றுக்கு மரை போயிருந்தது. அதில் கம்பிச்சுருள் இன்செர்ட் போட்டேன். டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒட்டுத்தாள் சுற்றி அடையாளம், கையால் டேப், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு, அரைச் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால்.

மாட்டியதும் ஓட்டியதும்

புது 106 நீடில் ஜெட் போட்டு, கிளிப்பை நடுப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தேன். பெட்ரோலைத் தாங்கும் புது ஓ-ரிங், சூட்டைத் தடுக்கும் ஃபீனாலிக் தகடு, தானே கழலாத நைலான் வளைய நட்டு. இறுக்கும் முறை இப்படி: ஸ்பிரிங் மாட்டாமல் ஸ்லைடை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, ஒவ்வொரு கால் திருப்புக்கும் ஸ்லைடைத் தூக்கி விழவிட்டுப் பார்ப்பது. ஓ-ரிங் அமுங்கி, கார்பரேட்டரைக் கையால் ஆட்டினால் அசையாத இடத்தில் நிறுத்தினேன். ஃபிளாஞ்சுக்கும் தகடுக்கும் நடுவே மெல்லிய கோடாக இடைவெளி தெரிகிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும்.

தண்ணீர் பீய்ச்சியபோது சத்தம் மாறவில்லை. ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்ததும் ஐடிலிங் சீராக வந்தது. கால் சுற்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகினால் இன்ஜின் உடனே பதில் சொல்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ரேஸ் தயங்காமல் இறங்குகிறது.

1200 கிலோமீட்டர் ஓடிய பிறகு கழற்றி மறுபடி அளந்தேன். ஃபிளாஞ்சில் 0.05 ஃபீலர் நுழையவில்லை. ஸ்லைடின் இடைவெளி முன்பின்னும் இடவலமும் 0.09, ஒன்று போல. பிளக் இரண்டும் இளம் பழுப்பு. இன்செர்ட் போட்ட திருகைச் சுற்றி ஈரமில்லை. கால் த்ராட்டிலில் மட்டும் பிளக்கில் லேசாகக் கருமை தெரிந்ததால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே வைத்துப் பார்த்தேன். வேகம் பிடிக்கையில் இன்ஜின் திணறியது. நடுப் பள்ளத்துக்கே திரும்பிவிட்டேன். உள்ளே செருகியிருந்த அந்தச் சின்ன ஸ்பிரிங் இப்போது ஆணியில் தொங்குகிறது. ஒற்றை ஸ்பிரிங்கில் ஆக்ஸிலேட்டரை இரண்டு விரலால் திருகலாம்.